குளிரறை எலி

இருபத்தெட்டு வயதுவரை வீரபாண்டிக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவனுக்கு எங்கிருந்து தெரியும்? கர்க்கடக மாசத்து அடைமழையில் லைன்வீட்டு ஓடு ஒழுகினால் அம்மா ஒரு சாக்கை எடுத்து மேலே போடுவாள். அவன் அறிந்த குளிர் அவ்வளவுதான். அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சி முனிசிபாலிட்டிக்குச் சாக்கடை அள்ள வந்தவர். அந்த வேலை வேண்டாம் என்று வீரபாண்டி சின்ன வயதிலேயே முடிவுகட்டிவிட்டான். மிளகு கோடவுன்களில் மூட்டை சுமந்தான். படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேச வரும்; சினிமா போஸ்டரில் இருப்பதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

கல்யாணமான மறு வருஷம், மனைவி லோகாம்பாள் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்த மீன் ஏற்றுமதிக் கம்பெனியிலேயே அவனுக்கும் வேலை கிடைத்தது. காயல் ஓரத்துக் கம்பெனி. அவளுக்கு உரிப்புக் கொட்டகை, அவனுக்குக் குளிரறை.

முதல் நாள் அந்தக் கனத்த கதவுக்குள் போனபோது மூக்கினுள் இருந்த முடி ஒவ்வொன்றும் ஊசியாக விறைத்ததை அவன் உணர்ந்தான். கண்ணிமை ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. கையுறை இல்லாமல் இரும்புக் கம்பியைத் தொட்டான். விரலை எடுத்தபோது தோல் கம்பியோடு கொஞ்சம் போய்விட்டது. வெளியே ஓடிவந்து வெயிலில் நின்றான்.

"நெருப்பு சுட்ட மாதிரியேதான் இருக்கு, லோகு. குளிரும் சுடும்னு யாரும் சொல்லவேயில்லையே" என்றான் சாயங்காலம்.

மெல்ல மெல்லப் பழகிக்கொண்டான். ஒருவன் தொடர்ந்து எவ்வளவு நேரம் உள்ளே நிற்கலாம், எப்போது வெளியே வந்து ஒரு சாயா குடிக்க வேண்டும் என்பதெல்லாம் உடம்பே சொல்லிக் கொடுத்தது. ஒன்று மட்டும் அவனுக்குக் கடைசிவரை பழகவில்லை. அந்த அறையின் வெறுமை. மட்டாஞ்சேரியில் கொசு இல்லாத இடம் ஏது? கரப்பான் இல்லாத சுவர் ஏது? பூனை, காக்கை, பெருச்சாளி, எறும்பு என்று மூச்சுவிடும் சங்கதிகளுக்கு நடுவில்தான் மனிதர்கள் இண்டு இடுக்கில் குடியிருந்தார்கள். குளிரறைக்குள் ஓர் ஈ கிடையாது. உயிர் என்பதே எட்டிப் பார்க்காத இடம் என்று அவன் அதை நினைத்திருந்தான். உள்ளே போகும்போதெல்லாம் மனசுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்த எண்ணம் தப்பென்று தெரிந்தது.

கம்பெனியில் புதிதாகப் பெரிய குளிரறை ஒன்று கட்டியிருந்தார்கள். பின்னால், படகுத்துறை ஓரம் இருந்த பழைய அறையில் இரண்டாம் தரச் சரக்கை அடுக்கினார்கள். பழைய அறையின் இயந்திரம் கிழடு. பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வந்தாலே பெரிய காரியம். ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே அட்டைப்பெட்டிகளை நகர்த்தும்போது ஒரு பெட்டியின் மூலை கொறிக்கப்பட்டிருப்பதை வீரபாண்டி பார்த்தான். உறைந்த கணவாய் மீனின் ஒரு பக்கம் சுரண்டித் தின்னப்பட்டிருந்தது. பனி வெடித்து அட்டை கிழிந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். அடுத்த பெட்டியைத் தூக்கியதும் அது ஓடியது.

எலிதான். ஆனால் அவன் பார்த்த எலிகளைப் போல இல்லை. பூசணிப் பிஞ்சு போல உருண்டு, உடம்பெல்லாம் அடர்ந்த முடி புசுபுசுவென்று நின்றது. வெளியே திரிகிற சுண்டெலியைவிட நல்ல பெருசு. ஒரு கணம் நின்று, விளக்கொளியில் கண் மினுங்க அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த பழஞ்சாக்குக் குவியலுக்குள் நுழைந்தது.

கனத்த சட்டை போட்டு, இரண்டு காலுறை மாட்டி, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு தான் வரும் இடத்தில் இது வெறும் உடம்போடு குடித்தனம் நடத்துகிறதே என்று அவனுக்கு வாயடைத்துப் போயிற்று.

நேரே போய் அம்பிளியிடம் சொன்னான். அம்பிளி கம்பெனியின் தரப் பரிசோதனை அதிகாரி. மீன்வளப் படிப்பு முடித்து வந்த சின்ன வயசுப் பெண். மலையாளத்தில்தான் பேசுவாள். வீரபாண்டி தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொல்வான். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இருந்ததில்லை.

"எலியோ? மைனஸ் பத்திலோ? சேட்டன் நல்லா பார்த்தீங்களா?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என் கண்ணாலே கண்டேன் மேடம். கம்பளிச் சட்டை போட்ட மாதிரி இருக்கு அதுக்கு."

எலி புகுந்த சரக்கு என்றால் பெரிய விவகாரம். ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது. அவள் முகத்தில் அந்தக் கவலை தெரிந்தது. கூடவே வேறு ஏதோ ஒன்றும் தெரிந்தது. சின்னப் பிள்ளைகள் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் முகத்தில் வருமே, அது.

"வாங்க, காட்டுங்க" என்று எழுந்தாள்.

உச்சிவேளை. சுமைக்காரர்கள் பாதிப்பேர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வீரபாண்டி கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டான். அம்பிளியும் செருப்பை விட்டுப் பூட்ஸுக்கு மாறி, ஆணியில் தொங்கிய பழைய குளிர்ச்சட்டையைச் சுரிதாருக்கு மேல் போட்டுக்கொண்டாள். கையில் ஒரு சின்ன டார்ச். உள்ளே போய் வழக்கம்போலக் கதவைச் சாத்தினார்கள்.

மூலைச் சாக்கை அவன் ஒவ்வொன்றாக விலக்கினான். அடியில், சாக்கு நாரையும் அட்டைத் துணுக்கையும் தெர்மோகோல் பொடியையும் பஞ்சாகக் கொறித்துச் சுருட்டி, தேங்காய் அளவுக்கு ஒரு கூடு. அம்பிளி டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். கூட்டின் ஒரு பக்கத்தில் சின்ன வாசல். உள்ளே ஏதோ அசைந்தது.

"குட்டிகள்" என்றாள் அவள் மூச்சுவிடாமல்.

ரோஸ் நிறத்தில், ஒரு முடிகூட இல்லாமல், கண் திறக்காமல், நிலக்கடலைப் பருப்பு போலக் குட்டிகள். அவற்றின் மேல் தாய் கவிந்து படுத்திருந்தது. ஓடவில்லை.

வீரபாண்டி கையுறையைக் கழற்றினான். அவனாக யோசித்துச் செய்யவில்லை. கை தானாகக் கழற்றியது. ஒற்றை விரலை வாசலுக்குள் மெல்ல விட்டான். இரும்பைத் தொட்டால் தோலை உரிக்கும் அந்த அறையில், அந்தத் தேங்காய்க்குள்ளே, கல்லிலிருந்து எடுத்துவைத்த தோசை மாதிரி இளஞ்சூடாக இருந்தது.

"மேடம்... உள்ளே வெயில் அடிக்குது" என்றான். அதற்கு வேறு வார்த்தை அவனுக்குக் கிடைக்கவில்லை.

அம்பிளியும் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது போலிருந்தது. அந்த அறையில் கண் கலங்கினால் இமை ஒட்டிக்கொள்ளும் என்பதால் சட்டென்று துடைத்துக்கொண்டாள்.

அப்போது விளக்கு அணைந்தது. கரண்ட் கட். பழைய அறைக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த விசிறிகள் முனகி நின்றன.

"சரி, போவோம்" என்று கதவருகே வந்து, உள்ளிருந்து திறக்கும் தண்டை வீரபாண்டி தள்ளினான். தண்டு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். அதைச் சுற்றிப் பனி இறுகியிருந்தது. கதவு ஓரத்து ரப்பரும் சட்டத்தோடு உறைந்து ஒட்டியிருந்தது. அபாய மணியை அழுத்தினான். கரண்ட் இல்லாமல் மணி எப்படி அடிக்கும்?

இருவரும் கத்தினார்கள். ஒரு சாண் தடிமன் கதவு. அந்தப் பக்கம் படகுத்துறை; ஆள் நடமாட்டம் இல்லை. வீரபாண்டி ஓடிவந்து ஓடிவந்து கதவில் மோதினான். பனியனெல்லாம் வேர்வையில் நனைந்தது. நின்றதும் அந்த வேர்வை முதுகில் ஈரத்துணியைப் போர்த்தியது போலச் சில்லிட்டது.

"போதும், சேட்டா! வேர்க்க விடாதீங்க!" அம்பிளியின் குரல் நடுங்கியது. "ஈரம்தான் நம்மளைக் கொல்லும்."

டார்ச் மங்க ஆரம்பித்தது. வீரபாண்டிக்கு மகள் செல்வலட்சுமியின் முகம் வந்தது. பாலர் பள்ளியில் ஏதாவது பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாள். யாராவது வருவார்கள், எப்போது வருவார்கள்? தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பினாலும், பழைய அறைக்கு இன்று சரக்கு வரவில்லை என்றால் யாரும் வரவே மாட்டார்கள்.

இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. கறுக், கறுக். எலி எதையோ தின்றுகொண்டிருந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவன் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சொன்னான்: "மேடம், அவ என்ன செஞ்சிருக்காளோ அதையே நாமளும் செய்வோம்."

அம்பிளி உடனே புரிந்துகொண்டாள். "தரையிலிருந்துதான் ஆரம்பிக்கணும். கீழேயிருந்துதான் குளிர் அதிகம் ஏறும். அடியில் என்ன போடலாம்?"

சுவர் பழுதுக்கென்று வாங்கி வைத்திருந்த தெர்மோகோல் பலகைகள் எங்கே கிடக்கின்றன என்று வீரபாண்டிக்குத் தெரியும். தடவித் தடவி அவற்றை இழுத்துவந்தான். எந்த மூலையில் போடுவது என்று கேட்டுக்கொள்ளவே இல்லை; எலியின் மூலைக்குத்தான் போனார்கள். சுவரைத் தொட்டபோதுதான் அவனுக்கு விளங்கியது. மற்றச் சுவர்களில் விரற்கடைக்குப் பனி அப்பியிருந்தது. இந்த மூலையில் மெல்லிய படலம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திர அறை. அங்கிருந்து இம்மியளவு சூடு கசிந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக அந்த அறைக்குள் போய்வந்தவனுக்குத் தெரியாதது, எலிக்குத் தெரிந்திருந்தது.

பலகைகளின் மேல் காலி அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினார்கள். மூன்று பக்கமும் சரக்குப் பெட்டிகளை அணையாக நகர்த்தினார்கள். உள்ளே உட்கார்ந்து, கிடைத்த சாக்குகளையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாக்குக்கும் உடம்புக்கும் நடுவில் அட்டையைக் கிழித்துத் திணித்தார்கள். எலிக்கூட்டைக் கலைக்காமல் கால்மாட்டில் விட்டு வைத்தார்கள்.

ஒட்டி உட்கார வீரபாண்டிக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணமாகாத பெண். ஓர் ஓரமாகச் சுருண்டுகொண்டான்.

"சேட்டா, எனக்கும் ஒரு அண்ணன் உண்டு" என்றாள் அம்பிளி. "தள்ளி உட்கார்ந்தா ரெண்டு பேரும் போவோம். முதுகோடு முதுகு சேர்த்து உட்காருங்க."

முதுகோடு முதுகு சேர்த்து, சாக்குக்குள் தலையையும் மறைத்துக்கொண்டார்கள். பற்கள் கிடுகிடுத்தன. தொடைகள் தாமாகத் துள்ளின. அடக்கப் பார்த்தான்.

"நடுக்கத்தை அடக்காதீங்க. உடம்பு அடுப்பு மூட்டுது. நடுக்கம் நின்னாத்தான் பயப்படணும்."

"அந்த எலி நடுங்கலையே, மேடம்?"

சாக்கின் இருட்டுக்குள் அவள் குரல் கொஞ்சம் தெளிந்தது. பாடம் ஒன்று ஞாபகம் வந்தவள் போலப் பேசினாள். "அதுக்குத் தோள்பட்டைக்கு நடுவில் ஒரு மாதிரி கொழுப்பு உண்டு. பழுப்பா இருக்கும். அது விறகு மாதிரி. நடுங்காமலே எரிஞ்சு சூடு தரும். அதுக்குத்தான் ஓயாம தின்னுட்டே இருக்கு. நிறுத்தினா அடுப்பு அணைஞ்சிடும்."

"கடவுள் நமக்கு அதைக் குடுக்கலையே."

"குடுத்திருக்கார். பிறந்த பிள்ளைக்கு அதே இடத்தில் அதே கொழுப்பு உண்டு. நாம பிறக்கும்போது அந்த அடுப்போடதான் பிறக்கிறோம், சேட்டா. வளர வளர அது குறைஞ்சுபோகும்."

செல்வலட்சுமியைப் பிறந்த அன்று கையில் வாங்கியபோது அந்தப் பிஞ்சு முதுகு எவ்வளவு சூடாக இருந்தது! காய்ச்சலோ என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டு, அவளிடம் திட்டு வாங்கினான். பெரிய பெரிய யந்திரம் வைத்து மனிதர்கள் உண்டாக்கிய குளிர் ஒரு பக்கம். கண் திறக்காத கடலைப்பருப்பு அளவு உயிர்கள் ஒரு பக்கம். அவை ஜெயித்துக்கொண்டிருந்தன. கால்மாட்டில், கறுக், கறுக் என்று அந்தத் தாய் தன் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தது. பயம் எங்கோ ஒதுங்கி, கோயில் கருவறை முன்னால் நிற்கும்போது வருகிற ஒரு நிலை அவனுக்கு வந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று இருவருக்கும் தெரியாது. விரல்கள் இருப்பதே மறந்துபோயிற்று. ஆனால் முதுகு சூடாக இருந்தது. அம்பிளி கண் அயரும்போதெல்லாம் அவன் முழங்கையால் இடித்து எழுப்பினான். அவனுக்கு நாக்குக் குழறியபோது அவள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே, உரிப்புக் கொட்டகையின் பின்னால், தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு லோகாம்பாள் காத்திருந்தாள். தினம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவது. சோறு ஆறி, ஈ மொய்க்க ஆரம்பித்தது. திட்டிக்கொண்டே தேடக் கிளம்பினாள். புது அறையில் இல்லை. சாயாக்கடையில் இல்லை. பழைய அறைப் பக்கம் வந்தவள் கதவுக்கு வெளியே செருப்பைப் பார்த்தாள். வாரறுந்து அவளே ஊக்குக் குத்திக் கொடுத்த செருப்பு. அருகே ஒரு பெண்ணின் செருப்பும் கிடந்தது.

கதவை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அவள் போட்ட கூச்சலில் மெக்கானிக் ஷிபு கையில் ஸ்பானரோடு ஓடிவந்தான். கேண்டீனில் சாயாவுக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரைத் தூக்கிவந்து கதவு ஓரத்தில் ஊற்றினார்கள். ஷிபு கடப்பாரையை நெம்பினான். கதவு முறிகிற சத்தத்தோடு திறந்தது.

வெளிச்சம் விழுந்தபோது சாக்குக் குவியலுக்குள்ளிருந்து இரண்டு தலைகள் எழுந்தன. புருவமெல்லாம் வெள்ளை.

லோகாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "உசிரோட இருக்கியளா!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். புருஷனின் தோளில் ஓங்கி ஓர் அறை. அடுத்த நொடி அம்பிளியின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் பொத்தி, "பாவம், கொச்சுப் பிள்ளை, காது ஐஸாப் போச்சே" என்று தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வெளியே மீனமாசத்து வெயில். வீரபாண்டியைப் படகுத்துறைக் கல்லில் உட்காரவைத்தார்கள். விரல்களில் உயிர் திரும்பும்போது ஏற்பட்ட வலியில் அவன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே லோகாம்பாளிடம் சொன்னான்: "குட்டி போட்டிருக்கு, லோகு. உள்ளே வெயில் அடிக்குது."

"மூளை உறைஞ்சு போச்சு இவுகளுக்கு" என்றாள் அவள் ஷிபுவிடம்.

அம்பிளி இரண்டு நாள் விடுப்பில் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் முதலாளியிடம் போய், பழைய அறைச் சரக்கு முழுவதையும் அழிக்க வேண்டும், அறையை மூட வேண்டும் என்று சொன்னாள். முதலாளி குதித்தார். அவள் அசையவில்லை. அந்தக் கதவைப் பற்றியும் நாலு வார்த்தை கேட்டாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார். சரக்கைக் குழிதோண்டிப் புதைத்தார்கள்.

"எலியை என்ன செய்யப் போறீங்க, மேடம்?" என்று வீரபாண்டி கேட்டான்.

"மீன் கம்பெனியில் எலியை வச்சிருக்க முடியாது, சேட்டா. பொறி வைக்கத்தான் சொல்லியிருக்கேன்." அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கும் அவள் மேல் வருத்தமில்லை. அவள் வேலை அது.

இயந்திரத்தை நிறுத்திப் பனியை உருகவிட்ட அன்று, அவன் கேட்டு வாங்கி அந்த வேலைக்கு நின்றான். சுவரெல்லாம் ஒழுகியது. அறை மெல்ல மெல்ல மட்டாஞ்சேரியின் புழுக்கத்துக்கு வந்தது. எட்டிப் பார்த்தவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். தாய் எலி தன் கூட்டைத் தானே பிரித்துக்கொண்டிருந்தது. மேலே மூடியிருந்த நாரைக் கவ்விக் கவ்வி வெளியே எறிந்தது. சூடு ஏற ஏற இன்னும் கொஞ்சம் பிரித்தது. தேங்காயாக இருந்த கூடு, மத்தியானத்துக்குள் திறந்த சிரட்டையாகிவிட்டது. குட்டிகள் காற்றாடக் கிடந்தன. குளிருக்குக் கட்டத் தெரிந்தவளுக்கு வெக்கைக்குப் பிரிக்கவும் தெரிந்திருந்தது.

மறுநாள் பொறிகளில் இரண்டு ஆண் எலிகள் மாட்டின. கூடு காலியாக இருந்தது. தாய் எந்த ஓட்டை வழியாக, எங்கே, எத்தனை தடவை வாயில் கவ்விக்கொண்டு போனதோ, யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் அவனுக்கு எலிப்பாண்டி என்று பெயர் விழுந்தது. அவன் கோபப்படவில்லை. குளிரறைக் கதவுகளுக்கெல்லாம் உள்ளிருந்து சுத்தியலால் அடிக்கிற மணி ஒன்றை ஷிபு மாட்டினான். வீரபாண்டி இன்னும் சில வருஷம் அங்கே வேலை பார்த்தான். கம்பெனி மூடியபின் போர்ட் கொச்சியில் மீன் ஏலக் கரையில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனான். அம்பிளி களமசேரிப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனாள். அவள் கல்யாணத்துக்கு இந்தக் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. ஓணத்துக்கு ஓணம் லோகாம்பாளுக்கு அவளிடமிருந்து ஒரு புடவை வரும்.

அவனிடம் மாறிப்போனது ஒன்றுதான். எந்த உயிரைப் பார்த்தாலும் நின்றுவிடுவான். மேட மாதத்து உச்சிவெயிலில் கடற்கரை நாய் மணலைப் பறித்து ஈரம் தட்டியதும் வயிற்றைப் பதித்துப் படுப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பான், ஐஸ் உருகிப்போகும். காக்கை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால், "அதுக்கு வேர்க்காது பாரு, அதான் வாயாலே சூட்டை விடுது" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வான்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷக் கோடையில், மழை பொய்த்து எல்லா இடமும் வெந்துகொண்டிருந்தபோது, கும்பளங்கியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்விட்டு மூவரும் வரப்பு வழியாகத் திரும்பினார்கள். வற்றிய இறால் வளர்ப்புக் குளத்தில் நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்றன. செல்வலட்சுமிதான் முதலில் பார்த்தாள். அவள் அப்போது ஏழாம் வகுப்பு.

"அப்பா, அதுகளோட காலெல்லாம் ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு?"

வீரபாண்டி குடையை மகளிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். வெகு நேரம் பார்த்தான். ஒரு நாரை காலை லேசாக மடக்கி, தன் எச்சத்தைத் தன் காலிலேயே விட்டுக்கொண்டது. கொஞ்சம் கழித்து மறுகாலில்.

அன்று சாயங்காலம் பூத்திலிருந்து அம்பிளிக்குப் போன் போட்டான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த ஈரம் காயும்போது காலில் ஓடுற ரத்தம் குளிரும், சேட்டா. அதுதான் அதுக்கு விசிறி."

போனை வைத்துவிட்டு வந்து விவரத்தைச் சொன்னதும் லோகாம்பாள், "சீ, நல்ல விசிறி!" என்று மூக்கைப் பொத்தினாள். செல்வலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். வீரபாண்டி சிரிக்கவில்லை. யாரிடம் கற்றுக்கொண்டனவோ, அந்தக் கொதிக்கிற சேற்றில், எதையும் வீணாக்காமல், எவரிடமும் எதையும் கேட்காமல் நின்றுகொண்டிருந்த அந்தப் பறவைகளையே நினைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மறுபடி போய்ப் பார்த்துட்டு வருவோமா?" என்றான்.

"அந்த வெயில்லயா?" என்றாள் லோகாம்பாள். ஆனால் காலையில் அவள்தான் முதலில் கிளம்பி, தண்ணீர்ப் பாட்டிலோடு வாசலில் நின்றாள்.